பேராயர் அலுவலகத்தில் ஒரு மேசை

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

‘பெரிய அலுவலகங்கள் எவ்வாறு இயங்குகின்றன?’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைப் பற்றியோ தலைமைச் செயலகத்தைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானோ இங்கிலாந்து நாட்டின் கான்டர்பரி தலைமைப் பேராயர் அலுவலகத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். நான் அங்குச் சென்றவன் அல்லேன். படித்து அறிந்ததையே கூறுகிறேன். அந்த அலுவலகத்தின் அண்மைக்கால வரலாற்றில் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் நாடாளுமன்றம்; மறுகரையில் இலாம்பெத் அரண்மனை. ஏறத்தாழ 800 ஆண்டுகளாக அதுவே தலைமைப் பேராயர்களின் இலண்டன் இருப்பிடம். பதவியோ அதனினும் பழமையானது, கி.பி. 597-இல் இங்கிலாந்து வந்த அகஸ்தீன் என்னும் துறவியிலிருந்து தொடர்ந்து வருவது. அரண்மனை என்றதும் அரியணையையும் சாமரத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டா. அங்கே மேசைகளும் கோப்புகளும் கடிதக் கட்டுகளும் இருக்கின்றன. அவற்றின் நடுவே உழைக்கும் அலுவலர்களைப் பற்றியே நான் பேச வந்தேன்.

தலைமைப் பேராயரின் பணிகள் பல. அவர் தம் திருமண்டலத்தின் மேய்ப்பர். இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த பேராயர். பிரபுக்கள் சபையில் இடம்பெறும் 26 பேராயர்களுள் முதல்வர். இவற்றோடு, 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ள ஆங்கிலிக்கன் கூட்டுறவுக்கும் அவர் தலைமை தாங்குகிறார். 1947-இல் உருவான நம் தென்னிந்தியத் திருச்சபையும் இன்று அக்கூட்டுறவில் ஓர் உறுப்பு. இத்தனையும் ஒருவரால் ஆகுமா? ஆகாது. ஆகவே கான்டர்பரித் திருமண்டலத்தின் அன்றாடப் பொறுப்பை டோவர் பேராயர் கவனிக்கிறார். ஜமைக்காவில் பிறந்த ரோஸ் ஹட்சன்-வில்கின் என்னும் அம்மையார் 2019-இல் அப்பொறுப்புக்கு வந்தார். இங்கிலாந்துத் திருச்சபையில் பேராயரான முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

எஞ்சிய சுமையில் பெரும்பங்கு அலுவலர்களின் தோள்மேல் விழுகிறது. நாட்குறிப்பைப் பேணுபவர், எவரைச் சந்திப்பது, எவ்வூருக்குச் செல்வது என்பதை ஒழுங்கு செய்கிறார். கடிதங்களைப் பார்ப்பவர், எதற்குத் தாமே மறுமொழி வரையலாம், எதனைப் பேராயரின் கைக்கே சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார். மற்றொருவர் உரைக்கு வேண்டிய குறிப்புகளைத் திரட்டுகிறார். பாராட்டுக் கடிதமும் வரும். வசைக் கடிதமும் வரும். கண்ணீரால் எழுதிய கடிதமும் வரும். மூன்றையும் ஒரே கட்டிலிருந்து பிரித்தெடுப்பவன் கூர்ந்த கண்ணும் கலங்காத உள்ளமும் உடையவனாக இருத்தல் வேண்டும்.

இவ்வலுவலகப் பணி சில வேளைகளில் உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. டெரி வெயிட் என்பவர் குருப்பட்டம் பெறாதவர்; 1980 முதல் தலைமைப் பேராயர் ராபர்ட் ரன்சியின் உதவியாளராகப் பணியாற்றினார். 1981-இல் ஈரானிலும் 1985-இல் லிபியாவிலும் சிறைப்பட்டோர் விடுதலை பெற அவர் துணைநின்றார். 1987 ஜனவரியில் பெய்ரூட்டில் பிணைக்கைதிகளை மீட்கப் பேசச் சென்றவரையே பிடித்துச் சிறைவைத்தனர். 1,763 நாட்கள் கழித்து, 1991 நவம்பரில்தான் அவர் வெளியே வந்தார்.

இது அந்த அலுவலகத்தின் பெருமை. இனி அதன் சிறுமையையும் கேளுங்கள்.

கிறித்தவ விடுமுறை முகாம்களோடு தொடர்புடைய ஒரு வழக்கறிஞர், 1970-களிலும் 1980-களிலும் சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடுமையாக அடித்துத் துன்புறுத்தினார். 2013-இல் இச்செய்தி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பிக்கு எட்டியது. காவல் துறைக்குத் தகவல் போய்விட்டது என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், உரிய நடவடிக்கை தொடரும் என்று தாம் நம்பிவிட்டதாகவும் அவர் பின்னர்க் கூறினார். குற்றவாளியோ நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலே 2018-இல் இறந்துபோனார். 2013-இலேயே தலைமைப் பேராயரும் பிறரும் முறைப்படி காவல் துறைக்கு அறிவித்திருக்கலாம், அறிவித்திருக்கவும் வேண்டும் என்று 2024 நவம்பரில் வெளியான ஆய்வறிக்கை கூறியது. சில நாட்களில் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். 1,400 ஆண்டுப் பழமையுடைய பீடத்தை அசைத்தது எது? ‘வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நினைப்பன்றோ! அவருக்குப் பின் அப்பதவிக்கு முதன்முறையாக ஒரு பெண்மணி, சாரா முல்லல்லி, 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டார். அவர் முன்பு செவிலியராக இருந்தவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அன்பர்களே! இச்செய்தியைப் படித்தபோது என் தந்தையாரின் முகமே என் கண்முன் வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற காலம். என் உதவித்தொகை விண்ணப்பம் ஓர் அலுவலகத்திற்குச் சென்றது, திரும்பவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு என் தந்தையார் மும்முறை நடந்தார். “எண் என்ன?” என்று கேட்டார் எழுத்தர். “எண் ஏதும் கொடுக்கலீங்களே, ஐயா” என்றார் இவர். “எண் இல்லையென்றால் கோப்பு இல்லை; கோப்பு இல்லையென்றால் நீ விண்ணப்பிக்கவே இல்லை” என்பது விடை. நான்காம் முறை சென்றபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அவர் அலமாரியின் அடித்தட்டைத் துழாவி என் விண்ணப்பத்தை எடுத்தார், தூசி தட்டினார், தன்பதிவேட்டில் பதிந்தார், எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் தந்தையாரின் கையில் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், அத்தாளைத் தம் இறுதிநாள் வரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

சட்டம் ஒன்றே, அலுவலகம் ஒன்றே, அலமாரியும் ஒன்றே. மாறியது நாற்காலியில் இருந்த ஆள் மட்டுமே.

நம் சமுதாயம் தலைமுறை தலைமுறையாக மேசைக்கு எதிரே, கையில் மனுவோடு நின்ற சமுதாயம். மேசைக்கு இப்பால் அமர நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்யவே இக்கழகம் 25 ஆண்டுகளாக உழைத்து வருகிறது. ஆனால் அமர்ந்தபின் என்ன செய்யப் போகிறீர்கள்? அதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வினா.

மூன்று பழக்கங்களை இன்றே கைக்கொள்ளுங்கள். வந்த தாளை வந்த நாளிலேயே பதியுங்கள். மேலே அனுப்பிய தாளைப் பற்றி, ‘அது என்ன ஆயிற்று?’ என்று மறவாமல் கேளுங்கள். பிறர் துயரைக் கண்டவிடத்து, காக்க வேண்டிய மந்தணத்தைக் காத்து, சொல்ல வேண்டிய இடத்தில் அஞ்சாது சொல்லுங்கள். இவற்றுக்குப் பெரும்பட்டம் வேண்டா, பொறுப்புணர்ச்சி வேண்டும்.

நாளை உங்கள் மேசைக்கு எதிரே ஒரு முதியவர் வந்து நிற்பார். அவருக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள். அவரிடம் எண்ணைக் கேட்காதீர்கள். நீங்களே தேடி எடுத்துக் கொடுங்கள்.