செய்திப் பொதியும் அதைக் கட்டும் கருவியும்

ஒரு கணனி மற்றொரு கணனிக்கு அனுப்புவது பைற்றுகளின் நீண்ட வரிசையொன்றேயாம். அவ்வரிசையில் பெயர் எங்கே முடிகிறது, வயது எங்கே தொடங்குகிறது என்பதில் இரு புறத்தாரும் முன்னரே உடன்பட்டிருத்தல் வேண்டும். அவ்வுடன்பாட்டையே நெறிமுறை என்பர். அது எளிதில் அமைவதன்று. நான்கு பைற்றுகளாலான எண்ணொன்றைச் சில கணனிகள் மதிப்பிற் பெரிய பைற்றை முன்வைத்தும், வேறு சில சிறியதை முன்வைத்தும் பதிகின்றன. ஒன்று 1 என்று எழுத, மற்றது அதனை 1,67,77,216 என்று வாசிக்கும்! இப்பிணக்குக்கு 1980 இல் டானி கோஹன் என்னும் அறிஞர் இட்ட பெயர், கலிவரின் யாத்திரைக் கதையில் முட்டையை எம்முனையில் உடைப்பதென்று சண்டையிட்ட கூட்டத்தாரின் பெயராகும்.

ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் இதற்கு வகுத்த எக்ஸ்.டி.ஆர். என்னும் நியமம் 1987 இல் வெளியாயிற்று. எண்ணில் பெரிய பைற்றே முன் செல்லும். எப்பொருளும் நான்கின் மடங்காகவே இடங்கொள்ளும். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்லாயின், நீளத்தைக் குறிக்க நான்கு பைற்று, எழுத்துகளுக்கு ஐந்து, நிரப்பப் பூச்சியம் மூன்று, ஆகப் பன்னிரண்டு. செய்தியின் அமைப்பை மட்டும் சில வரிகளில் எழுதி ஆர்.பி.சி.ஜென் என்னும் கருவியிடம் கொடுத்தால், பொதியைக் கட்டவும் அவிழ்க்கவும் வேண்டிய செய்நிரலை அதுவே சீ மொழியில் எழுதித் தரும். கூகிள் நிறுவனம் 2008 இல் பொதுப் பயனுக்கு வெளியிட்ட புரோட்டோகோல் பபர்ஸ் என்பதும் இவ்வகையினதே.

இதனால் எழுதும் வேலை குறைகிறது என்பர் சிலர். அது சிறிய பயன். கையால் எழுதுபவர் எதனை மறப்பார் என்பதே பெரிய வினா.

இணையத்தில் மறைகாப்புக்குப் பயன்படும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் செய்நிரலில் ஒரு குறை 2014 ஏப்ரலில் வெளிப்பட்டது. ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயர். மறுமுனை இயங்குகிறதா என்று அறிய, சில சொற்களை அனுப்பி அவற்றையே திரும்பப் பெறும் ஒரு செய்தி உண்டு. சொற்களின் நீளம் முன்னே குறிக்கப்படும். குறித்த நீளம் வந்த செய்தியை விஞ்சினால் அதனை விலக்கிவிடுக என்று 2012 இல் வெளியான நெறிமுறை ஐயத்துக்கிடமின்றிக் கூறியிருந்தது. கையால் எழுதிய செய்நிரலில் அச்சோதனை விடுபட்டுப் போயிற்று. ஒரு சொல்லை அனுப்பி, அதன் நீளம் ஏறத்தாழ 64 ஆயிரம் பைற்று என்று பொய்யுரைத்தவனுக்கு, அச்செய்நிரல் தன் நினைவகத்தில் அருகே கிடந்தவற்றையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. கனடாவின் வரித் திணைக்களத்திலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் இவ்வழியே களவுபோயின.

நன்கு அமைந்த கருவி இத்தகைய சோதனையை ஓரிடத்திலும் மறவாது. அதற்குக் களைப்புமில்லை, அவசரமுமில்லை. ஆயினும் கருவியைச் செய்தவரும் மனிதரே. அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழை பதிப்பின் ஒவ்வொரு பிரதியிலும் வருவதன்றோ? தொலைத்தொடர்பில் வழங்கும் ஏ.எஸ்.என்.1 என்னும் நியமத்துக்குச் செய்நிரல் எழுதித் தரும் கருவியொன்றின் துணைநிரலில் நினைவகப் பிழையொன்று இருப்பது 2016 இல் அறிவிக்கப்பட்டது. அத்துணைநிரலைச் சேர்த்து ஆக்கிய பொருள்களிலும் அப்பிழை குடிபுகுந்திருந்தது. கருவியைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. அப்பொருள்கள் எவையெவை என்று ஒவ்வொரு நிறுவனமும் தேடத் தொடங்கியது.