உயரத்தில் உயிர் காக்கும் பிடி: பீம் ஆங்கரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல்

சோனாப்பூர்த் தமிழ்த் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு உரை



துபாயின் முஹைஸ்னா 2 பகுதியைச் சோனாப்பூர் என்றே யாவரும் அழைப்பர். 'தங்க நகரம்' என்பது அப்பெயரின் பொருள். விடியுமுன் இங்கிருந்து பேருந்துகளில் புறப்படுவோருள் இரும்புச் சட்டகங்களின் மீதேறி வேலை செய்வோரும் பலர். அவர்கள் ஒவ்வொருவரையும் நம்பி ஊரில் ஒரு குடும்பம் வாழ்கிறது. அவர்களைத் தாங்கும் பீம் ஆங்கரைப் பற்றியதே இவ்வுரை.

ஹார்னஸ் அணிந்தாலே போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். ஹார்னஸ் உடலைப் பிடிக்கும். லேன்யார்டு ஹார்னஸைப் பிடிக்கும். லேன்யார்டைப் பிடிக்க வேண்டியது ஆங்கர். தண்ணீர்க் குழாயிலோ, கேபிள் டிரேயிலோ, ஏசி டக்டிலோ ஹூக்கை மாட்டினால் அது விழுபவரோடு சேர்ந்தே விழும். இரண்டு மீட்டர் விழும் மனிதர் முக்கால் விநாடிக்குள் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறார். ஆகவேதான் ஐரோப்பியத் தரமான இஎன் 795, உலோக ஆங்கர் 12 கிலோநியூட்டன், அதாவது சுமார் 1,200 கிலோ எடைக்கு ஈடான இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் ஓஷா விதி ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, ஏறத்தாழ 2,270 கிலோ, கேட்கிறது.

பீம் ஆங்கர், ஐ வடிவப் பீமின் ஃபிளாஞ்சை இரு தாடைகளால் கவ்விப் பிடிப்பது. மாட்டுமுன் அதன் லேபிளைப் படித்து, குறிக்கப்பட்ட அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ளாகவே ஃபிளாஞ்ச் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். விரிசல், வளைவு, துரு, தளர்ந்த பூட்டு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அதைத் தனியே எடுத்துவைத்து சேஃப்டி ஆபீசரிடம் தெரிவிக்க வேண்டும். இரு தாடைகளும் ஒரே அளவில் இறுகி, பூட்டு முழுமையாக விழுந்திருப்பதைக் கையால் இழுத்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். போல்ட் முழுவதும் முடுக்கப்படாத பீமில் மாட்டலாகாது. நகரும் வகை ஆங்கரானால் பீமின் முனையில் தடுப்பு இருத்தல் அவசியம். இல்லையேல் அது முனைவழியே கழன்றுவிடும்.

தயாரிப்பாளர் வேறு விதமாகக் குறிப்பிட்டாலன்றி, ஓர் ஆங்கருக்கு ஒருவர் மட்டுமே. செயின் பிளாக் தொங்கவிடவோ, பொருள் தூக்கவோ அதைப் பயன்படுத்தலாகாது.

ஆங்கர் தலைக்கு மேலே இருப்பதே நன்று. காலடியில் மாட்டினால் விழும் தூரம் கூடும். பக்கவாட்டில் வெகுதூரம் விலகினால் ஊசல்போல ஆடித் தூணில் மோத நேரும். கீழே உள்ள வெற்றிடத்தையும் கணக்கிட வேண்டும். லேன்யார்டு 2 மீட்டர், அதிர்வு உறிஞ்சி விரிவது 1.75, இணைப்பு வளையத்துக்குக் கீழுள்ள உடல் 1.5, பாதுகாப்பு இடைவெளி 1: ஆக, ஆங்கரிலிருந்து கீழே 6.25 மீட்டர் வேண்டும். அவ்வளவு இடமில்லையெனில் தானே சுருண்டு இழுக்கும் கருவியைக் கேட்டுப் பெற வேண்டும். இடம் மாறும்போது இரட்டை ஹூக் லேன்யார்டில் ஒரு ஹூக் எப்போதும் மாட்டப்பட்டே இருக்க வேண்டும்.

ஒருவர் விழுந்து தொங்கினால் ஆபத்து நீங்கிவிட்டதாகாது. கால்களில் இரத்தம் தேங்குவதால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். எனவே மீட்கும் வழியை வேலை தொடங்குமுன்பே முடிவுசெய்ய வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 998, தீயணைப்பு மீட்புப் படைக்கு 997. விழுந்தவரைத் தாங்கிய ஆங்கர், லேன்யார்டு, ஹார்னஸ் மூன்றையும் உடனே பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும்.

"ஐந்து நிமிட வேலைதானே" என்று போர்மேன் அவசரப்படுத்துவதுண்டு. 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் வழங்குவது முதலாளியின் கடமை. பணியிடக் காயத்துக்கான சிகிச்சைச் செலவும் அவரையே சாரும். கடும் ஆபத்தை அறிந்தும் முதலாளி அதை நீக்காவிடில், தொழிலாளி தம் உரிமைகளை இழக்காமல் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு விலகச் சட்டம் இடமளிக்கிறது. அதேவேளை, பார்வையில் வைக்கப்பட்ட பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறிக் காயமடைபவர் இழப்பீட்டை இழக்க நேரிடலாம். ஆதலால் ஹூக்கைக் கழற்றுவது உயிரையும் குடும்பத்தின் உரிமையையும் ஒருசேரப் பணயம் வைப்பதாகும். புகார்களுக்கு மனிதவள அமைச்சகத்தின் 600590000 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆங்கரைச் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும். புதிதாக வந்த தம்பிமாருக்கு மூத்தவர்கள் இதைக் கற்பித்து, மேலே ஏறுமுன் ஒருவர் மாட்டியதை மற்றவர் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துவார்களாக.