நாடகம் படிப்பதா, ஆடுவதா?

கல்வி, பொழுதுபோக்கு, கலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் பாடசாலை மேடை. அந்த மேடை பற்றிச் சில கருத்துக்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

க.பொ.த. உயர்தர வகுப்பில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். கலைப்பிரிவு மாணவர் பலர் இதனை விரும்பித் தெரிவு செய்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியதே. கூத்தாடுவது படித்தவர்க்கு இழுக்கு என்று கருதிய ஒரு சமூகத்தில், கூத்து பரீட்சைக்குரிய பாடமாகியது சிறிய மாற்றமல்ல.

இந்த மாற்றத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள ‘நாடகம்’ என்ற மரபு வடிவத்திலிருந்து அது பிறந்தது. அந்த மரபு வடிவமோ தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பர் ஆய்வாளர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் வந்தன. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, சில மணி நேரத்துக்குள் சுருங்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு வந்தது. இதில் இழப்பும் உண்டு. ஆனால் நகரத்தார் கூத்தை மதிக்கக் கற்றுக்கொண்டது இதனாற்றான்.

யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை ஆரம்பித்த குழந்தை ம. சண்முகலிங்கம் வேறொரு வழியில் நடந்தார். விளையாட்டு, பாட்டு, அசைவு ஆகியவற்றால் சிறுவரை வளர்க்கலாம் என்று காட்டினார். 1985இல் வந்த அவரது ‘மண் சுமந்த மேனியர்’, அன்றைய துயரை மக்கள் முன்னே மேடையில் நிறுத்தியது. பார்த்தவர்கள் அங்கு தங்களையே கண்டார்கள்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன ஆண்டுகளையெல்லாம் ஒப்புவிக்கும் மாணவர், ஒரு கூத்தையேனும் முழுமையாகப் பார்த்திருக்கிறாரா? வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடுகிறார். மத்தளத்தின் தாளக்கட்டுக்குக் கால் எப்படி அசையும் என்பதை அவருடைய உடல் அறியுமா? செயன்முறைப் பரீட்சை இருக்கிறது. அதற்கும் ரியூஷன் வகுப்பில் தயார் செய்யப்பட்ட குறிப்பும் பயிற்சியும் போதும் என்றாகிவிட்டால், எஞ்சுவது பெறுபேறு மட்டுமே.

பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை இல்லாத பாடத்திற்கு நேரசூசியிலும் இடமில்லை, ஆசிரியர் நியமனமும் இல்லை என்பது நாமறிந்ததே. பாடமாக இருப்பதனாற்றான் பல பாடசாலைகளில் நாடகம் உயிர்வாழ்கிறது. ஆனால் போட்டிக்காக மட்டும் நாடகம் தயாரித்து, நடுவரின் தீர்ப்போடு அதனை மூட்டை கட்டுவது ஏன்? பரிசு கிடைக்காத நாடகமும் பெற்றோர் முன்னிலையில் ஒருமுறை ஆடப்படலாமே!

பொழுதுபோக்கு கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்ட காலம் இது. பிள்ளைகள் தனித்தனியே திரையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாடகம் அதற்கு நேர்மாறானது. ஒருவர் தாளம் பிசகினால் மற்றவர் தாங்க வேண்டும். கூடிச் செய்தல் என்ற அந்தப் பாடத்தை வினாத்தாளினால் அளக்க முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, இப்பாடம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் பரீட்சைக்கு முன் ஒரு கூத்தையாவது அதன் சொந்தக் களரியில் பார்க்க வழி செய்ய வேண்டும். இரண்டாவது, ஊர்களில் இருக்கும் அண்ணாவிமாரை உரிய கொடுப்பனவுடன் வகுப்பறைக்கு அழைக்க வேண்டும். அவர்களுக்குச் சான்றிதழ் இல்லாமலிருக்கலாம். வினாத்தாளில் இடம்பெறும் விடயத்தை வாழ்நாள் முழுவதும் ஆடிக் காட்டியவர்கள் அவர்களே. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நமது கடமை.