கூப்பிட வேண்டிய ஆளும் கூப்பிட வேண்டாத வேலையும்

நடுவர் அவர்களே, "வீட்டு ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்" என்று எதிரணி அண்ணன் முழங்கிவிட்டுப் போனார். கூப்பிடலாம் அண்ணே, அவர் வரணுமே! (சிரிப்பு)

குழந்தைக்குப் பால் காய்ச்சும்போது எங்க கரண்ட் அடுப்பில் காயில் அறுந்துபோச்சு. எங்க வீட்டுக்காரர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைத்தார், தூக்கி அடித்தது! வயரிங் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் கம்பியில் கரண்ட் இருக்கும், நடுவர் அவர்களே. பிளக்கையே பிடுங்கணும்!

அப்புறம் அறுந்த முனைகளை முறுக்கிவிட்டார். இரண்டே நாள், மறுபடியும் அங்கேயே போச்சு. முறுக்கிய இடம்தான் அதிகமாகச் சுடும். கம்பி குட்டையானால் கரண்டையும் கூடுதலாக இழுக்கும்.

நான் புதுக் காயில் வாங்கினேன். பழசு 2000 வாட்ஸ், புதுசும் 2000 வாட்ஸ். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பழசைக் கழற்றினேன். புதுசை ஒரே சீராக இழுத்துப் பள்ளத்தில் பதித்தேன். தகட்டில் எங்கும் படாமல் முனைகளைத் திருகாணியில் இறுக்கினேன். எர்த் வயரையும் பார்த்தேன். அரை மணி நேரம்! (கைதட்டல்)

ஆனால் உடனே பிளக்கைச் செருகவில்லை. அந்த பாயிண்ட்டைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டேன். அவர் வர மூன்று நாள். அதுவரை ஸ்டவ்விலே பால் காய்ச்சினேன்.

அடுப்புக்கு உள்ளே நம்ம கை போதும். சுவருக்கு உள்ளே தெரிந்தவர் கை வேணும். எல்லை தெரிந்த தைரியமே தைரியம் என்று கூறி விடைபெறுகிறேன்.