ஓடிப்போகாத போதகர்

‘துன்பத்திலும் சந்தோஷம்’ என்று இலக்கிய மன்றத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்புக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்றால் ஜெர்மனிக்குப் போகவேண்டும். சாக்ஸனியில் லைப்சிக் நகரத்துக்குப் பக்கத்தில் ஐலன்பர்க் என்றொரு சின்ன ஊர். மார்ட்டின் ரிங்கார்ட் 1586-ல் அங்கேதான் பிறந்தார்.

லைப்சிக்கில் புனித தோமா ஆலயத்துப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டே படித்த பையன் அவர். 1617-ல் சொந்த ஊருக்கே போதகராக வந்தார். மறு வருஷமே யுத்தம் மூண்டது. ஒரு நாள், இரண்டு நாள் யுத்தமா? முப்பது வருஷ யுத்தம்! சமாதானம் கையெழுத்தானது 1648-ல். அவர் கண்மூடியது 1649-ல். யுத்தம் ஓய்ந்தபின் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரே ஒரு வருஷம், ஐயா!

ஐலன்பர்க்கைச் சுற்றி மதில் இருந்தது. மதிலை நம்பிச் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்ளே ஓடிவந்தார்கள். ஊர் தாங்கவில்லை. 1637-ல் கொள்ளைநோய் வந்தது. தலைமைப் போதகர் காற்று மாறிவரப் போகிறேன் என்று வெளியூர் போனார். கூப்பிட்டுப் பார்த்தார்கள், திரும்பவில்லை. ஊரிலிருந்த மற்ற இரண்டு போதகர்களும் நோயில் விழுந்தார்கள். அவர்களையும் ரிங்கார்ட்தான் நல்லடக்கம் செய்தார். அந்த ஊருக்கு மிஞ்சிய போதகர் அவர் ஒருவரே.

ஒரு நாளைக்கு 40, 50 அடக்கம். ஓர் அடக்கத்துக்குப் பத்து நிமிஷம் என்றாலும் ஐம்பதுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குள் போனவர் பொழுது சாயும்வரை குழிக்குக் குழி நின்று ஜெபிக்கிறார். அந்த வருஷம் அவர் அடக்கம் செய்தவர்கள் 4,480 பேர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மே மாதத்தில் அவருடைய மனைவியும் போய்விட்டார்.

4,480 பேருக்கு ஜெபம் செய்தவர் பேர் தெரிகிறது. குழி வெட்டியவர் யார்? அவர் பேரை யாரும் பாடவில்லை. 2020 ஏப்ரலில் நம் சென்னையில் நடந்ததை இந்தச் சபை மறந்திருக்காது. கொரோனாவில் இறந்த டாக்டரை அடக்கம் செய்யப் போனால் கும்பல் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, டிரைவருக்கு ரத்தக்காயம். குழி வெட்ட வந்தவர்கள்கூட நிற்க முடியவில்லை. அந்த ராத்திரியில் கூட வேலை பார்த்த இன்னொரு டாக்டர், இரண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். தம் கையால் மண்ணை வாரிப் போட்டுச் சிநேகிதனை மூடினார். கத்தி பிடித்து உயிர் காத்த கை, ஐயா அது! கைதட்டுங்கள், அவருக்காக ஒருமுறை கைதட்டுங்கள்!

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பெரிய மைதானத்தில் பந்தல் போட்டு, நூறு ஒலிபெருக்கி கட்டி, “விசுவாசித்தால் வியாதி அண்டாது, காணிக்கை கொடுத்தால் கடன் தீரும்” என்று முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய், “உனக்கு விசுவாசம் போதவில்லை அம்மா” என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். எவ்வளவு கொடுமை! மனைவியைப் பறிகொடுத்த பின்னும் அடக்கத்துக்குப் போன ரிங்கார்ட்டுக்கு விசுவாசம் போதவில்லையா? சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் இதே பேச்சைப் பேசிய சிநேகிதர்கள் மேல்தான் கடவுளுக்குக் கோபம் வந்தது. யோபுவின் மேல் அல்ல. யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்.

கொள்ளைநோய்க்குப் பின்னால் பஞ்சம். செத்த பூனைக்கும் காக்கைக்கும் முப்பது நாற்பது பேர் தெருவில் அடித்துக்கொண்டார்கள். ரிங்கார்ட் வீட்டு வாசலில் எப்போதும் கூட்டம். இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். பிறகு, தம் பிள்ளைகளுக்கு ரொட்டியும் துணியும் வாங்க, இனிமேல் வரவேண்டிய சம்பளத்தைப் பல வருஷத்துக்கு அடகு வைத்தார். 1639-ல் சுவீடன் படை வந்து 30,000 தாலர் கொடு என்றது. சோற்றுக்கே வழியில்லாத ஊர்! தளபதியிடம் போய்க் கெஞ்சினார், நடக்கவில்லை. ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு முழங்காலில் நின்றார், பாடினார், ஜெபித்தார். அதன்பின் அந்தத் தொகை படிப்படியாக இறங்கி 2,000 ஃபுளோரினில் வந்து நின்றது என்று ஊர் வரலாறு சொல்கிறது.

இந்த மனிதர் ஒரு பாட்டு எழுதினார். ‘நுன் டாங்கெட் அல்லெ கோட்’, எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்ற பாட்டு. கத்தோலிக்க அன்பர்களின் விவிலியத்தில் சீராக் நூல் 50-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. சமாதானம் வந்த சந்தோஷத்தில் எழுதினார் என்று பலர் சொல்வார்கள். இல்லை! 1647-லேயே யோஹான் க்ரூகரின் பாட்டுப் புத்தகத்தில் அது அச்சாகிவிட்டது. சமாதானம் அதற்கு அடுத்த வருஷம்தான். சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் சொல்ல எழுதிய ஜெபம் அது. எந்தச் சாப்பாடு? சம்பளத்தை அடகு வைத்து ரொட்டி வாங்கிய அதே வீட்டுச் சாப்பாடு!

அந்தப் பாட்டில் கவனிக்கவேண்டியது இரண்டாம் சரணம். என்றும் மகிழ்ச்சியான இருதயத்தைக் கொடும் என்று அதில் கடவுளிடம் கேட்கிறார். நான் சந்தோஷமாயிருக்கிறேன் என்று அவர் பெருமை பேசவில்லை. அன்றாட அப்பத்தைக் கேட்பதுபோலச் சந்தோஷத்தையும் கேட்டு வாங்குகிறார். அழுகிறவனைப் பார்த்துச் சிரி, சிரி என்று நெருக்குவது ரிங்கார்ட்டின் மார்க்கம் அல்ல. அழுதுகொண்டே கேட்கலாம், கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அவர் நம்பிக்கை.

அவர் படித்த அதே தோமா ஆலயத்தில் பிற்பாடு இசைத் தலைவராக வந்த பாக், 1725-ல் அந்தப் பாட்டைத் தம் இசைக்குள் சேர்த்தார். 1840-ல் மெண்டல்சன் தம் சிம்பொனியில் வைத்தார். 1757-ல் லாய்த்தன் போர்க்களத்தில் பிரஷ்யச் சிப்பாய்கள் ஜெயித்த கையோடு அதைப் பாடினார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டு ஜெபத்தை, பிணம் கிடந்த வயலில் வெற்றிப் பாட்டாக்கியது வருத்தம்தான்.

தாய்மார்களே, பெரியோர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் சாவு விழுந்த வீடு உங்கள் தெருவில் இருக்கும். போங்கள். உபதேசம் வேண்டாம், அரிசியும் பருப்பும் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்தமுறை கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது குழி வெட்டியவரிடம் பேரைக் கேளுங்கள், கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.