மூன்று மணி நேரமா, இருநூறு நாட்களா?

(மயிலாப்பூரில் நடைபெற்ற கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பிற்கினிய சகோதரர்களே, தாய்மார்களே, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே!

கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு என்று சொன்னேன். சிலர் சிரிக்கிறீர்கள். இன்றைய பேச்சே அந்த மகனைப் பற்றியதுதான்.

ஆண்டு முழுவதும் பள்ளியிலேயே மதிப்பிட்டு மதிப்பெண் போடுவது நல்லதா, ஆண்டின் இறுதியில் ஒரே ஒரு பொதுத்தேர்வு வைப்பது நல்லதா என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இது வாத்தியார்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆண்டில் இந்தக் கேள்வி தமிழகத்தில் ஒன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் வீடுகளுக்கு மேல் கதவைத் தட்டியது.

2020ஆம் ஆண்டு. மார்ச் 27இல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு கொரோனாவால் தள்ளிப் போனது. ஜூன் 15இல் நடத்தியே தீருவோம் என்றது அரசு. உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. ஜூன் 9ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தேர்வை ரத்து செய்தார். எல்லோரும் தேர்ச்சி. சரி, மதிப்பெண் எப்படி? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவிகிதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவிகிதம்.

அன்றைக்கு வீடுகளில் இனிப்பு கொடுத்தார்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதி மதிப்பெண் வந்தபோதுதான் பலருக்கு முகம் வாடியது. நம் வீடுகளில் காலாண்டுத் தேர்வை யார் மதித்தார்கள்? 'அது என்ன, ஸ்கூல் பரீட்சைதானே! பப்ளிக்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதானே நம் வழக்கம்? ஜனவரியில் டியூஷன் சேர்த்து, பிப்ரவரியில் கைடு வாங்கிக் கொடுத்து, மார்ச்சில் கடைக்கு வரவேண்டாம் என்று சொல்வோம். அந்த மார்ச் அந்த ஆண்டு வரவேயில்லை. செப்டம்பரில் எழுதிய தாள்தான் அவனுடைய தலையெழுத்து ஆகிவிட்டது. 'லீவு போட்டால் என்ன' என்று கல்லாவில் உட்கார வைத்த நாட்களெல்லாம் மதிப்பெண் பட்டியலில் குறைந்து நின்றன.

மறு ஆண்டு பிளஸ் டூ மாணவர்களுக்கும் இதே நிலை. 2021 ஜூன் 5ஆம் தேதி தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவிகிதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டினார்கள். இரண்டு ஆண்டுக்கு முன்னால் எழுதி மறந்துபோன பரீட்சை, கல்லூரி வாசலில் வந்து நின்றது.

பெயர் தெரியாத தாள்

இப்படிச் சொன்னால், ஆண்டு முழுவதும் மதிப்பிடும் முறையே கூடாது என்கிறேனா? இல்லை. ஆனால் பொதுத்தேர்வை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் இருக்கிறது.

பொதுத்தேர்வு விடைத்தாளின் முகப்புத் தாளைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். திருத்துகிற ஆசிரியருக்கு அது அடையாறில் குளிரூட்டிய வகுப்பறையில் படித்த பிள்ளை எழுதியதா, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை எழுதியதா என்று தெரியாது. அப்துல்லா எழுதியதா, ஆறுமுகம் எழுதியதா என்றும் தெரியாது. பிளஸ் டூ முடிவில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். பள்ளியில் போடுகிற அக மதிப்பெண்ணுக்கு நகல் ஏது?

ஆசிரியர்கள் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று பழி சுமத்த நான் வரவில்லை. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவித்தவர்கள் மாற்று மதத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள்தாம். பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். நான் சொல்வது வேறு. ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பு, எழுதிக் காட்ட ஆதாரம் இல்லாத ஒரு மதிப்பெண் என்று வரும்போது, வாய் பேசாத பிள்ளை பின்னுக்குப் போகும். கட்டணம் பாக்கி வைத்தவன், அந்த ஆசிரியரிடமே டியூஷன் சேராதவன், தகப்பன் ஒருநாளும் பள்ளிக்கு வராதவன் ஆகியோர் பின்னுக்குப் போவார்கள். நம் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் அதிகம்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2020இல் அங்கும் பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் மதிப்பீடு கொடுத்தார்கள். தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, கணினியில் ஒரு சூத்திரம் போட்டுச் சரிசெய்தார்கள். அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேர்ச்சி காட்டியது என்பதும் அந்தச் சூத்திரத்தில் ஒரு கணக்கு. ஆகஸ்ட் 13ஆம் தேதி முடிவு வந்தபோது, ஆசிரியர் கொடுத்த மதிப்பீடுகளில் ஏறத்தாழ 39 சதவிகிதம் கீழே இறக்கப்பட்டிருந்தது. ஏழைப் பகுதிப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு, அவனுக்கு முன்னால் படித்தவர்களின் மதிப்பெண் விலங்காகிவிட்டது. வகுப்பில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்த இடங்களில் இந்தச் சூத்திரம் பாயவில்லை. சிறிய வகுப்பு எங்கே இருக்கும்? பணக்காரத் தனியார் பள்ளியில்தான். பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கி, ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டையே ஏற்றது. அங்கேயே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்?

உஸ்தாதின் முறை

அதே நேரத்தில், நாள்தோறும் மதிப்பிடுவது என்பது நமக்குப் புதிதா? ஹிஃப்ளு மத்ரஸாவுக்குப் போய்ப் பாருங்கள். காலையில் புதுப் பாடம் ஒப்பிக்க வேண்டும். பிறகு சென்ற சில நாட்களின் பாடம். பிறகு பழைய ஜுஸ்வுகள். ஒருநாள் தடுமாறினால் மறுநாள் புதுப் பாடம் கிடையாது. ஆண்டு இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த உஸ்தாதாவது விட்டதுண்டா? விட்டால் ஹாஃபிழ் உருவாவாரா? அதோடு, பல மத்ரஸாக்களில் ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் ஆலிம் ஒருவரை அழைத்துவந்து பரீட்சை வைப்பார்கள். தினமும் கேட்பவர் ஒருவர், முகம் தெரியாமல் வந்து சோதிப்பவர் இன்னொருவர். இரண்டும் உண்டு.

சென்னை மாகாணத்திலும் இப்படித்தான் யோசித்தார்கள். 1910ஆம் ஆண்டை ஒட்டி எஸ்.எஸ்.எல்.சி. முறையைக் கொண்டுவந்தபோது, பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணையும் ஒரே புத்தகத்தில் பதிந்து கொடுத்தார்கள். 'எஸ்.எஸ்.எல்.சி. புக்' என்று நம் பெரியவர்கள் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்களே, அதுதான். காலப்போக்கில் பள்ளி மதிப்பெண் மதிப்பிழந்து, பொதுத்தேர்வு மட்டும் நின்றது.

2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றது. தமிழகத்தில் 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பருவத் தேர்வுக்கு 60, வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கு 40. நல்ல நோக்கம்தான். நடந்தது என்ன? சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் விற்பனை ஆனது. பிள்ளைக்குக் கொடுத்த வேலையைத் தாய் இரவு பதினோரு மணிவரை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த 40 மதிப்பெண் எந்தத் தாய்க்கு என்றே தெரியவில்லை. மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. 2011இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை விருப்பத் தேர்வாக்கிப் பார்த்தது. 2018இல் மீண்டும் எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டது.

கடையின் காலண்டரும் பள்ளியின் காலண்டரும்

தி.நகர் வியாபாரிகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உஸ்மான் சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்குக்கூட அந்த உஸ்மான் யார் என்று தெரியாமல் இருக்கலாம். 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக அமர்ந்த சர் முகமது உஸ்மான் அவர். நம் சமுதாயத்தவர் ஒருவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் கடைகளும் இருக்கின்றன. கடைக்குள் நிற்கிற பிள்ளை எத்தனை வகுப்பு முடித்திருக்கிறான் என்பதுதான் என் கேள்வி.

உங்கள் காலண்டரை எடுங்கள். ஜூலையில் ஆடித் தள்ளுபடி, அக்டோபரில் தீபாவளிக் கூட்டம், ஜனவரியில் பொங்கல், பிறகு நோன்புப் பெருநாள். இப்போது பள்ளிக் காலண்டரை எடுங்கள். ஆடி வியாபாரம் முடிந்ததும் காலாண்டு, தீபாவளி முடிந்ததும் அரையாண்டு. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு நோன்பு நாட்களிலோ பெருநாளை ஒட்டியோதான் நடந்தது. சஹருக்கு எழுந்து, நோன்போடு தேர்வெழுதி, மாலையில் கடையில் நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீங்கள் கணக்கில் புலிகள். 210 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவிகித வருகை என்றால் 42 நாட்களுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது. ஆடிக்கு 12, தீபாவளிக்கு 15, பொங்கலுக்கு 6, பெருநாளுக்கு 10. மொத்தம் 43. காய்ச்சல் வந்த நாளை நான் இன்னும் சேர்க்கவில்லை. மேல்நிலை வகுப்பில் ஒரு பாடத்துக்கு அக மதிப்பெண் 10. அதில் வருகைக்கு மட்டும் 2. ஆறு பாடத்துக்குப் பன்னிரண்டு மதிப்பெண்ணைக் கடைவாசலில் விட்டுவிட்டு, மாநகரத்தின் நல்ல கல்லூரியில் அரை மதிப்பெண்ணில் இடம் போனது என்று அழுவதில் பொருளில்லை.

இதைவிடக் கவலையான ஒன்று இருக்கிறது. நூறு சதவிகிதத் தேர்ச்சி என்று வாசலில் பலகை வைக்க ஆசைப்படும் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பிலேயே தேறமாட்டான் எனத் தோன்றும் பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு, 'வேறு பள்ளி பாருங்கள்' என்று டி.சி.யை நீட்டுகின்றன. தகப்பனும், 'சரி, கடைக்கு ஆள் கிடைத்தது' என்று அழைத்து வந்துவிடுகிறார். அந்தப் பிள்ளை எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. தேர்வு எழுதவே விடப்படவில்லை. நாட்டில் 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவிகிதம் பேர் பள்ளிக்குப் போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 2001 கணக்கெடுப்பில் 82.9 சதவிகிதம். அது மாநில சராசரியைவிட அதிகம். எழுத்தறிவில் முந்தியிருக்கிற நாம் மேல்நிலைக் கல்வியின் வாசலில் ஏன் பிள்ளைகளை இழக்க வேண்டும்? பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2007இல் 3.5 சதவிகித இட ஒதுக்கீடு கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்?

இப்போது உடனடியாகக் கவனிக்க வேண்டிய செய்தி. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பாரம் பிள்ளைகளின் தலையிலிருந்து இறங்கியது. நல்லது. ஆனால் அந்தத் தேர்வு ஏன் 2017-18இல் வந்தது? பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. அப்படிப் படித்த பிள்ளைகள் பொறியியல் கல்லூரி முதலாண்டில் தடுக்கி விழுந்தார்கள். நீட் போன்ற தேர்வுகளில் பாதிக் கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வந்தபோது விழித்தார்கள். பழைய பழக்கம் திரும்பி வராமல் யார் காவல் காப்பது? பள்ளிக்கல்வித் துறை ஆய்வுக்கு வரவேண்டும். அதைக் கேட்க வேண்டியது நம் கடமை.

ஆகவே அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை, பொதுத்தேர்வை எடுத்துவிடு என்பதோ எல்லா வகுப்புக்கும் வை என்பதோ அல்ல. பத்திலும் பன்னிரண்டிலும் பெயர் மறைத்துத் திருத்தும் தேர்வு இருக்கட்டும். மற்ற வகுப்புகளில் ஆண்டு முழுவதும் மதிப்பிடுங்கள். ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்கள் வீட்டுக்கு வரட்டும். அக மதிப்பெண்ணை மேலே அனுப்புவதற்கு முன் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வரவு செலவைக் காட்டாத கூட்டாளியோடு எந்த வியாபாரி தொழில் செய்வான்?

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் முஹல்லாவில் இப்போது ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் படிக்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். படித்து நின்றுவிட்டவர்களையும் எழுதுங்கள். அவர்கள் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது, விண்ணப்பத் தேதிதான் பலருக்குத் தெரிவதில்லை. ஜுமுஆ முடிந்ததும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அந்தத் தேதியை ஒட்டுங்கள். வியாபாரப் பெருமக்களே, பெற்றோர் கூட்டத்துக்குத் தாயை மட்டும் அனுப்பாதீர்கள், கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு நீங்களும் போங்கள். வருகிற மாதம் காலாண்டுத் தாள் வருகிறதா என்று கேளுங்கள்.

இஷாவுக்கு பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிவிட்டது. கேள்வி உள்ளவர்கள் தொழுகைக்குப் பிறகு இங்கேயே இருங்கள். இரண்டு ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள், பிள்ளையின் மதிப்பெண் அட்டையைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் அவர்களிடம் காட்டலாம். வஸ்ஸலாம்.