கதவு மூடிய காலத்தில் நம் வின்சென்ட் தே பவுல் சபை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் காணும் இந்த வேளையில் கோவில் கட்டியவர்களைப் பற்றியும் கொடிமரம் நட்டவர்களைப் பற்றியும் பேச இம்மேடையில் பலர் இருக்கிறார்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, நம் கிளைச் சபையின் பணி. ஐம்பது ஆண்டையும் சொல்லப் புகுந்தால் பந்தியில் சாதம் ஆறிப் போகும். ஆகவே 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நம் சபை செத்துப் பிழைத்த காலம் அது. விழா மலரில் சாதனைகளையே எழுதுவது வழக்கம். அந்த வழக்கத்தைச் சற்று மீறுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இச்சபை பிறந்ததே ஒரு கொள்ளைநோயின் நிழலில்தான் என்பதை முதலில் நினைவுகூர்வது நல்லது. 1832-இல் பாரிஸ் நகரில் காலரா பரவியது. 18,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தண்ணீரில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, அப்பாவிகள் சிலர் தெருவிலேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்நகரில் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர் பிரடெரிக் ஓசானாம். மறு ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், தமக்கு இருபது வயது நிறைந்த அன்று, தோழர்கள் சிலருடன் அவர் கூடிய கூட்டமே நம் சபையின் முதல் கூட்டம். அவர்களைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவரான பத்திரிகையாளர் பெய்யி தலைமை தாங்கினார். ஏழைகளின் வீடு எங்கே இருக்கிறது என்று கூட அந்த மாணவர்களுக்குத் தெரியாது. முப்தார் பகுதிச் சேரிகளில் பணிபுரிந்த ரோசலி ரெந்து என்னும் கன்னியரே அவர்களை வீடு வீடாக அனுப்பி வைத்தார். காலராக் காலத்தில் நோயாளிகளின் நடுவே நின்றவர் அவர். ஓசானாம் 1853-இல் நாற்பதாம் வயதில் இறந்தார். 1997-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். ரோசலி அம்மையாருக்கு அந்தப் பேறு 2003-இல் கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறோம்? வின்சென்ட் தே பவுல் சபை என்றாலே வீடு சந்திப்புதான். இருவர் இருவராகப் போவது, உட்கார்ந்து பேசுவது, அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிப்பது. அரிசியும் பணமும் அதன் பின்னால் வருபவை. 2020 மார்ச் 24-ஆம் நாள் மாலை நம் மாநிலத்தில் தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடே அடைபட்டது. வீட்டுக்குப் போவதே குற்றமாகிவிட்டால் வீடு சந்திக்கும் சபை என்ன செய்யும்?

உண்மையைச் சொன்னால், ஒன்றும் செய்யவில்லை. குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், உயிர்ப்பு விழா எல்லாம் ஆளில்லாக் கோவிலில் முடிந்தன. சபைக் கூட்டம் நின்றது. கூட்ட முடிவில் சுற்றிவரும் துணிப்பை, யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாத அந்தப் பை, சக்ரீஸ்து அறையின் ஆணியில் தொங்கியபடியே கிடந்தது. கோவிலே பூட்டியிருக்க, ஏழைகள் உண்டியலில் காசு போடுவது யார்? செல்பேசியில் கூட்டம் போடலாம் என்றார்கள் இளைஞர்கள். போட்டோம். பதினான்கு உறுப்பினரில் ஐவர் வந்தார்கள். அதில் ஒருவருக்குக் குரல் வரவில்லை, இன்னொருவருக்கு உருவம் வரவில்லை. மூன்றாம் வாரம் அதுவும் நின்றது. நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் பொத்தான் போன் வைத்திருப்பவர்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில்தான் வெளியூரிலிருந்த நம் பங்குப் பிள்ளைகள் சிலர் பணம் அனுப்பினார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பைகளில் கட்டி, தத்துக் குடும்பங்களின் வாசலில் வைத்து, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் போட்டோம். பலரும் கை தட்டும் படம் அனுப்பிப் பாராட்டினார்கள். நமக்கும் மனம் குளிர்ந்ததென்பதை மறைப்பானேன்!

கீழத்தெருவில் தனியாக வாழ்ந்த ஒரு பாட்டி இருந்தார். இப்போது இறைவனடி சேர்ந்துவிட்டார். ஜூன் மாதம் அவர் வீட்டு வழியே போகையில், வாசலில் நின்று சுகம் கேட்டோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அரிசி ரேசன்லயும் தாராக சாமி. ஆயிரம் ரூவாயும் குடுத்தாக. நீங்க பையை வாசல்ல வச்சிட்டு, படத்தைப் புடிச்சிட்டுப் போயிட்டீக. உள்ள ஒருத்தி உசுரோட கெடக்காளான்னு ஒரு சத்தம் குடுத்தீகளா?"

அன்றிரவு நாம் உண்ணவில்லை. மறுநாள் தலைவரையும் செயலாளரையும் கோவில் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னோம். மூவரும் எட்டியெட்டி உட்கார்ந்து முடிவு செய்தவைதான் சபையை எழுப்பின. படம் எடுப்பது அன்றோடு நின்றது. ஒவ்வோர் உறுப்பினரும் மூன்று குடும்பங்களை, வாரம் இருமுறை, குறித்த நேரத்தில் போனில் கூப்பிட வேண்டும். பொத்தான் போனே போதும். புதன் மாலை ஐந்து என்றால் ஐந்து. அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதே சிலருக்கு மருந்தாயிற்று. கேட்ட செய்தியைச் செயலாளரிடம் சொல்ல, அவர் குறிப்பேட்டில் எழுதினார்.

அக்குறிப்பேட்டைப் படித்தபோதுதான் மக்களுக்கு எது தேவை என்று தெரிந்தது. அரிசி கேட்டவர் சிலரே. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தீர்ந்து, பேருந்தின்றி அரசு மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர் பலர். வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான் என்றவர் மூவர். செங்கல் சூளையில் ரேசன் அட்டை இல்லாத வடநாட்டுத் தொழிலாளர் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அதுவரை நமக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்கு மட்டும் அரிசி உண்மையிலேயே வேண்டியிருந்தது. அதற்கு அன்பியத்துத் தாய்மார் பழைய பிடியரிசி வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி ஒதுக்குவது, சனிக்கிழமை சேர்ப்பது. உண்டியல் காலியாயிருந்த காலத்தில் சபையைத் தாங்கியது அந்தப் பிடியரிசியே. செப்டம்பர் முதல் நாள் கோவில் திறந்தபோது துணிப்பையும் ஆணியிலிருந்து இறங்கியது.

2021 மே மாதம் வந்ததைப் பற்றிப் பேசுவது கடினம். இரண்டாம் அலை நம் தெருக்களுக்குள்ளேயே வந்தது. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி நான்கு வாங்கி, வீடு வீடாகச் சுற்றவிட்டோம். 94-க்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள் என்று தெருத்தெருவாக அறிவித்தோம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த உறுப்பினர் யாரும் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போகக்கூடாது என்றும் தீர்மானம் போட்டோம். அத்தீர்மானம் இன்றும் குறிப்பேட்டில் நம் செயலாளரின் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அம்மாதம் ஓர் இரவு, பதினோரு மணிக்கு மேல், தெற்குத்தெருவிலிருந்து போன் வந்தது. ஒரு தகப்பனாருக்கு அளவு 86. 108 வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள். ஆட்டோ வைத்திருந்தவர் செயலாளர் ஒருவரே. தீர்மானம் நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவரைக் கூப்பிட்டோம். இரண்டாம் முறை மணி அடிக்குமுன் எடுத்தார். "இந்தா வாறேன் சாமி" என்றார். அந்தத் தகப்பனார் பிழைத்துக்கொண்டார். இன்று இக்கூட்டத்தில் இருக்கிறார். செயலாளர் ஜூன் மாதம் இறந்தார்.

அவர் பெயரை நாம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்.

2020 ஏப்ரலில் சென்னையில், இந்நோயால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் மக்கள் கல்லெறிந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். பாரிஸில் 1832-இல் கண்ட அதே பயம்தான். நம் கல்லறைத் தோட்டத்திலும் அப்படி நடக்குமோ என்று அஞ்சினோம். நடக்கவில்லை. கவச உடை அணிந்து நான்கு இளைஞர்கள் குழி வெட்டினார்கள். அதுவரை சபைக் கூட்டத்துக்கு ஒருமுறையேனும் வராதவர்கள் அவர்கள். தெருவார் தம் வீட்டு வாசல்களில் மெழுகுதிரி ஏற்றி நின்றார்கள்.

அவருடைய துணைவியார் நான்கு மாதம் நம்மை வீட்டுக்குள் விடவில்லை. "உங்க சபைதான் அவரைக் கொண்டு போச்சு" என்று கதவுக்கு உள்ளிருந்தே சொன்னார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவராகவே போயிருப்பார் என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். போயிருக்கலாம். ஆனால் கூப்பிட்டது நாம். நான்கு மாதமும் புதன் மாலை ஐந்து மணிக்குத் தலைவர் அந்த வீட்டுக்குப் போன் செய்தார். முதலில் எடுக்கவே இல்லை. பிறகு எடுத்து, பேசாமல் வைத்தார்கள். அக்டோபரில் ஒருநாள், "மழை பெய்யுதா அங்க?" என்று கேட்டாராம். அம்மையார் இன்றுவரை சபையில் சேரவில்லை. கேட்கவும் நமக்கு வாய் வரவில்லை. ஆனால் மாதந்தோறும் அவர் வீட்டுப் பிடியரிசி மகள் கையில் வந்துவிடுகிறது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். தடுப்பூசிக்குப் பயந்த முதியோரைக் கூடவே நடந்து அழைத்துப்போனோம். பள்ளி மூடிய காலத்தில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் மூவரில் இருவரைத் திரும்ப வகுப்பில் உட்கார வைத்தோம். மூன்றாமவன் திருப்பூரில் இருக்கிறான், வர மாட்டேன் என்கிறான். குழி வெட்டிய நால்வரும் இன்று உறுப்பினர்கள். மாலைப் படிப்பு மையம் அவர்கள் பொறுப்பு. கூட்டத்துக்கு நேரம் தவறித்தான் வருகிறார்கள், தலைவர் முணுமுணுக்கிறார், நாம் இருவரையும் சமாளிக்கிறோம்.

நோய் தணிந்த பின் ஒரு சங்கடம் வந்தது. கதவு திறந்துவிட்டது, ஆனால் நமக்குப் போன் பழகிவிட்டது. போனில் கேட்டால் எல்லாரும் "நல்லாயிருக்கோம்" என்றுதான் சொல்வார்கள். ஒழுகும் கூரையும் ஆளில்லா அடுப்பும் போனில் தெரியாது. குறிப்பேட்டைப் புரட்டினால், கடந்த ஆறு மாதமாக நேரில் யாரும் போகாத குடும்பங்கள் ஏழு இருக்கின்றன. அவற்றின் பெயரை எழுதி சக்ரீஸ்து அறையில், துணிப்பை தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கூட்டம். இருவர் இருவராக வந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழத்தெருப் பெயர் ஒன்றை நாம் ஏற்கெனவே எடுத்துவிட்டோம். நம்மோடு வர இன்னும் ஒருவர் வேண்டும்.